தொலைபேசி நிலையத்தின் காவல் மணி

காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கோவில் மணி ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். மணி ஒலிக்கும்போது யாரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஒரு நாள் மாலை மணி அடிக்காவிட்டாலோ, "கோவில்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ?" என்று யாராவது எட்டிப் பார்க்கப் போவார்கள். தொலைபேசி நிலையத்து எச்சரிக்கை மணியின் இரகசியமும் இதுவே.

1882ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் சென்னையில் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டபோது, பலகையின் முன் ஆள் அமர்ந்து இணைப்புக் கொடுத்தார். பழுது நேர்ந்தால் அவருக்கே தெரிந்துவிடும். பின்னர் இயந்திரமே இணைப்புத் தரத் தொடங்கியது. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிரூட்டும் வசதியில்லாத கிராமங்களுக்கென்றே ஒரு சிறு நிலையத்தை வடிவமைத்தது. அதில் முதலாவது, 1986இல் கர்நாடகத்துக் கித்தூரில் அமைந்தது. இன்று குஜிலியம்பாறைப் பக்கத்துக் கைபேசிக் கோபுரங்களின் அடியில் பூட்டிக் கிடக்கும் பெட்டிகளிலும் ஆள் இருப்பதில்லை. ஆகவே சாதனங்கள் தம் நோயைத் தாமே சொல்லியாக வேண்டும்.

முதலில் மின்சாரம். அலமாரி போல அடுக்கிய இரும்புச் சட்டங்களை ராக் என்பார்கள். அவற்றிலுள்ள சாதனங்கள் 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குபவை. வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை ரெக்டிபயர் மாற்றித் தருகிறது. அதோடு, தலைக்கு 2 வோல்ட் வீதம் 24 மின்கலங்கள் எப்போதும் இணைந்தே இருக்கும். கரண்டு போனாலும் கண் இமைக்கும் நேரம்கூடப் பேச்சு அறுபடாது. பத்துக் கன்னியர் உவமையில் விவேகமுள்ள ஐவர் கொண்டுபோன எண்ணெய் என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் எண்ணெயும் தீரும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, நம் திண்டுக்கல் மாவட்டம் வழியே மேற்கே சென்றது. டெல்டாவில் மின்கம்பங்கள் சாய்ந்தன. காற்றுக்குத் தப்பிய கோபுரங்களிலும் பல, மின்கலம் வடிந்ததும் ஊமையாயின. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக 108ஐ அழைக்கும் வீட்டாருக்கு அந்த ஊமை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

இதனால் எச்சரிக்கைகளுக்குத் தரம் உண்டு. வெளி மின்சாரம் நின்றால் அது ஆற அமரக் கவனிக்கும் வகை, மின்கலம் தாங்கிக்கொண்டிருக்கிறது. மின்கலத்தின் அழுத்தம் இறங்கிக்கொண்டே போனால் அது அவசரம். அதற்கும் கீழே போனால் ஒரு சுவிட்சு தானே இணைப்பைத் துண்டித்துவிடும். கொடுமையாகத் தோன்றும், ஆனால் அடியோடு வடியவிட்டால் மின்கலமே கெட்டுவிடும்.

பியூஸ் எச்சரிக்கை இன்னும் அழகு. சிறு கம்பியொன்று ஒரு வில்லை இழுத்துப் பிடித்திருக்கும். மின்னோட்டம் அளவு மீறினால் கம்பி உருகும், வில் துள்ளும், பக்கத்திலுள்ள தகட்டைத் தொடும். உடனே மணி ஒலிக்கும், வரிசை முனையில் விளக்கு எரியும். பழைய பெரிய நிலையங்களில் பணியாளர் முதலில் வரிசையையும், பிறகு ராக்கையும், கடைசியில் துள்ளி நிற்கும் பியூஸையும் கண்டுபிடிப்பார். மணியை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. ஆனால் பழுது தீரும்வரை விளக்கு அணையாது. மணியை நிறுத்திவிட்டு மறந்துபோவது மனித சுபாவம் என்பதை அறிந்தவர் செய்த ஏற்பாடு!

சரி, எச்சரிக்கைக்கே மின்சாரம் இல்லாமற்போனால்? ரிலே என்னும் மின்காந்தச் சாவி இங்கே கைகொடுக்கிறது. எல்லாம் நலமாக உள்ளவரை மின்சாரம் அதை இழுத்துப் பிடித்திருக்கும். மின்சாரம் நின்றாலும் சரி, ஒயரை எலி கடித்தாலும் சரி, பிடி விடும். விட்டவுடன் எச்சரிக்கைச் சுற்று மூடிக்கொள்ளும். அந்தச் சுற்றுக்குத் தனி மின்கலம் வைப்பதும் உண்டு.

ஆளில்லாத கோபுரங்களை நகரத்திலுள்ள கண்காணிப்பு மையம் இடைவிடாமல் "நலமா?" என்று விசாரித்தபடியே இருக்கும். பதில் வராவிட்டால், அந்த மௌனமே அங்கே சிவப்பு விளக்காக எரியும். பொறுப்பாளர் கோபுரத்தின் சாவியையும் டீசல் கேனையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார்.