கலிங்கு இல்லாத கண்மாய்

வற்றும் ஏரி, பெருகும் ஏரி – 12

போன வாரம் ஈரானின் உர்மியா ஏரியைப் பார்த்தோம். தண்ணீர் ஓடி ஒளிந்த இடத்தில் உப்பு வெளுத்துக் கிடந்தது. புவி சூடாகிறது என்றதும் வறண்ட நிலத்து ஏரிக்கு நாம் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும் ஜாதகம் அதுதான்: வற்றிப்போகும். இந்த வாரம் கென்யா. இங்கே அதே மாதிரி வறண்ட நிலத்து ஏரி ஒன்று ஊருக்குள் ஏறி வந்துவிட்டது.

2020 டிசம்பர். பரிங்கோ ஏரியில் ஒரு இரும்புத் தெப்பம் மெல்ல நகர்கிறது. அடியில் காலிப் பீப்பாய்கள். சுற்றிலும் உயரமாகத் தடுப்பு. தடுப்புக்கு மேலே துணியால் கண் கட்டிய ஒரு தலையும் நீண்ட கழுத்தும் தெரிகின்றன. ஒட்டகச்சிவிங்கி! பெயர் அசீவா. லோங்கிச்சாரோ தீவில் மாட்டிக்கொண்ட கூட்டத்திலிருந்து முதல் ஆளாகக் கரையேறுகிறாள். மற்றவற்றுக்குத் தீனி காட்டித் தெப்பத்தில் ஏறப் பழக்கினார்கள். 2021 ஏப்ரலுக்குள் 9 விலங்குகளும் கரை சேர்ந்தன.

அது தீவே அல்ல என்பதுதான் விஷயம். 2011-ல் ஒட்டகச்சிவிங்கிகளை அங்கே கொண்டுவந்து விட்டபோது லோங்கிச்சாரோ ஒரு தீபகற்பம், நடந்தே போய்வரலாம். மேய்ச்சலுக்கும் மாட்டுக்கும் நெடுங்காலம் மோதிக்கொண்ட போகோட், இல்ச்சாமுஸ் மக்கள் சேர்ந்து நடத்தும் காப்பகம் அது. ஏரி ஏறி ஏறி, கரையோடு அதைச் சேர்த்திருந்த நிலத்தை மூழ்கடித்துவிட்டது. தெப்பத்தில் போகும் ஒட்டகச்சிவிங்கியின் படம் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியது. வீடு போனவர்களுக்கு அந்த யோகம் இல்லை. கென்ய அரசு 2021-ல் வெளியிட்ட அறிக்கை, ஏரிகள் பெருகியதால் பாதிக்கப்பட்டவை 75,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் என்றது.

இது எப்படி நடக்கும்? நம்மூர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியாக வரும் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சினால் கலிங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போகும். பரிங்கோவுக்கு மடையும் இல்லை, கலிங்கும் இல்லை. அடியில் பாறை வெடிப்புகள் வழியே கொஞ்சம் கசிகிறது. தண்ணீர் கரிக்காமல் இருப்பது அதனால்தான். மீதி அத்தனையையும் வெயில்தான் குடித்துத் தீர்க்க வேண்டும். ஏரியின் மேல் ஓராண்டில் பெய்யும் மழையைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் அங்கே ஆவியாகிறது. மலையிலிருந்து மோலோ, பெர்கெரா ஆறுகள் கொண்டுவந்து கொட்டுவதால்தான் ஏரி என்று ஒன்று இருக்கிறது.

இப்போது ஆற்று வரத்து கொஞ்சம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த தண்ணீர் வெளியேற வழி? ஏரி அகல வேண்டும். அகன்றால்தான் வெயில் படும் பரப்பு கூடும், ஆவியாவதும் கூடும். வரவும் செலவும் சரிக்கட்டும் இடத்தில்தான் ஏரி நிற்கும். கரையோ தாம்பாளம் போலத் தட்டை. நீர்மட்டம் ஓர் ஆள் உயரம் ஏறினால் போதும், தண்ணீர் வெகுதூரம் பரவிவிடும். சாதாரணக் காலத்தில் ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் இருந்த ஏரி அப்படித்தான் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் விடுதிகளையும் விழுங்கியது. கரையிலுள்ள சிற்றூரின் பெயர் கம்பி யா சமாக்கி. சுவாஹிலியில் ‘மீன் முகாம்’ என்று பொருள். பெயருக்கேற்ப மீன்கள் ஊருக்குள் வந்தன. முதலையும் நீர்யானையும் கூடவே வந்தன.

சூடு கூடினால் ஆவியாவதும் கூடுமே, ஏரி சுருங்கத்தானே வேண்டும்? சரியான கேள்வி. ஆனால் ஒரு டிகிரி சூடேறிய காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். அந்த ஈரம் எங்கே போய் இறங்குகிறது என்பதில்தான் ஏரியின் தலையெழுத்து இருக்கிறது. பரிங்கோவுக்கு அதை எழுதுவது நம்முடைய இந்தியப் பெருங்கடல்.

வழக்கமாக இந்தக் கடலின் வெதுவெதுப்பான நீர் இந்தோனேசியா பக்கம் தேங்கியிருக்கும். சில ஆண்டுகளில் அது தலைகீழாகும்: ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் சூடாகும், இந்தோனேசியப் பக்கம் குளிரும். நம் வானிலைக்காரர்கள் ‘இந்தியப் பெருங்கடல் இருமுனை’ என்று சொல்வது இதைத்தான். அப்போது மழை கிழக்கு ஆப்பிரிக்காவில் கொட்டும். 1961-ல் கொட்டியது, அடுத்த சில ஆண்டுகளில் விக்டோரியா ஏரியே இரண்டு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. 2019-லும் இருமுனை கடுமையாகச் சாய்ந்தது. கடலின் அந்தப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் காடுகள் எரிந்தன, இந்தப் பக்கத்தில் கென்யா மிதந்தது. வென்ஜு காய் என்ற ஆய்வாளரின் குழு 2014-ல் வெளியிட்ட கணக்குப்படி, பசுங்குடில் வாயுக்கள் இப்படியே பெருகினால், சுமார் 17 ஆண்டுக்கு ஒருமுறை வந்த கடுமையான சாய்வு 6 ஆண்டுக்கு ஒருமுறை வரும்.

மலையில் காடழித்ததுதான் காரணம் என்றும் ஒரு கட்சி உண்டு. அங்குள்ள ‘மாவு’ என்ற காட்டை வெட்டியதும் மண் கரைந்து ஏரியைத் தூர்த்ததும் உண்மை. ஏரித்தரை மேடானால் தண்ணீர் பக்கவாட்டில்தான் போகும். ஆனால் பழி முழுவதையும் மலை விவசாயி தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. பரிங்கோ, போகோரியா, நகுரு, நைவாஷா, வடக்கே துர்கானா என்று தனித்தனி ஆறுகள் நிரப்பும் ஏரிகள் 2010-ஐ ஒட்டிச் சொல்லிவைத்தாற்போல ஏறத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் பொது மேலே இருந்து விழுந்த மழைதான்.

நகுருவில் கதை வேறு மாதிரி. அது உவர் ஏரி. அந்த உவரில்தான் சுருள்பாசி தழைக்கும். நம் மருந்துக்கடையில் மாத்திரையாக விற்கிறார்களே, அந்த வகைதான். அதைத் தின்ன லட்சக்கணக்கில் பூநாரைகள் கூடின. நல்ல தண்ணீர் வந்து உவர்ப்பு நீர்த்தது, பாசி மெலிந்தது, பூநாரைகள் வேறு ஏரி தேடிப் போயின. கரையில் நின்ற வேலமரங்கள் வேர் அழுகிப் பட்டுப்போய் இன்று தண்ணீருக்குள் வெள்ளை எலும்பாக நிற்கின்றன.

இதையெல்லாம்விடக் கொடுமை அடுத்து வந்தது. 2020 இறுதியிலிருந்து ஆப்பிரிக்காவின் கொம்பில் தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தன. கென்யாவின் வறண்ட மாவட்டங்களில் மாடுகள் விழுந்து செத்தன. ஏரியோ சட்டென்று இறங்கவில்லை. வந்த வெள்ளத்தை வெயில் குடித்து முடிக்கப் பல வருஷம் பிடிக்கும். பஞ்ச காலத்துக்கென்று இல்ச்சாமுஸ் மக்கள் விட்டுவைக்கும் புல் ஏரிக்கரையில்தான் விளையும். அது தண்ணீருக்கு அடியில் இருந்தது. மேட்டில் வறட்சி, பள்ளத்தில் வெள்ளம், நடுவில் மாடு.

இந்த மண்ணுக்கு வெளியார் எழுதித் தந்த மருந்தெல்லாம் வறட்சிக்கான மருந்துதான். 1980-களின் தொடக்கத்தில் பாலைவனமாவதைத் தடுக்கிறோம் என்று ஒரு மரத்தை நட்டார்கள். அங்கே அதற்கு மத்தெங்கே என்று பெயர். ராமநாதபுரத்துக்காரருக்கு அறிமுகமே தேவையில்லை: சீமைக்கருவேலம். அதன் இனிப்புக் காயைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் கொட்டியது. 2006-ல் ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு, பொக்கைவாய் ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே சாட்சியாகக் கூட்டிப்போனார்கள்.

2022-ல் அதே ஏரிக்கரைக்காரர்கள் மறுபடியும் படியேறினார்கள். ஏரி பெருகும் என்று எச்சரித்துக் காக்க வேண்டிய அரசு அதைச் செய்யவில்லை என்று, நாட்டின் 2016-ஆம் ஆண்டுக் காலநிலை மாற்றச் சட்டத்தைக் காட்டி வழக்கு. இம்முறை கூட்டிப்போக ஆடு இல்லை. நிலம் இருக்கிறது; அது ஏரிக்குள் இருக்கிறது. 2024 ஏப்ரல், மே மழையில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் மேலே வந்தது.

(தொடரும்)