வளைந்த பீம் வரையலாம், வாங்க!

ஓசூரிலும் கிருஷ்ணகிரி சாலையிலும் புதிய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். கார் நிறுத்தும் இடம், கடையின் முகப்பு, தொழிற்சாலையின் நுழைவாயில் எனப் பல இடங்களில் இரும்பு பீம்கள் வில் போல வளைந்து நிற்கின்றன. நேரான பீமைப் பேப்பரில் வரைந்து காட்டிவிடலாம். வளைந்த பீமுக்கு அது போதாது. எவ்வளவு வளைவு, எவ்வளவு நீளம் என்று தெரியாமல் இரும்பு வாங்கினால் பணம் வீணாகும். இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடலாம்.

இதற்கு நான் பயன்படுத்துவது ஸ்கெட்ச்அப் ஃப்ரீ. 2006ல் கூகுள் வாங்கிய ஸ்கெட்ச்அப் புரோகிராம், 2012ல் டிரிம்பிள் நிறுவனத்திற்குக் கைமாறியது. அதன் இலவசப் பதிப்பு இது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். இன்டர்நெட் இணைப்பும் ஒரு பிரவுசரும் இருந்தால் போதும். ஒரு அக்கவுண்ட் தொடங்கிக்கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். இரண்டு தூண்களுக்கு இடையே 6 மீட்டர். நடுவில் பீம் 1 மீட்டர் உயர வேண்டும்.

1. 2 பாயிண்ட் ஆர்க் டூலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முனையில் கிளிக் செய்து, மவுஸைச் சிவப்பு அச்சின் வழியே நகர்த்தி, 6 மீட்டர் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

2. மவுஸை நேர் மேலே, நீல அச்சின் திசையில் நகர்த்துங்கள். 1 மீட்டர் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். வில் தயார்.

3. உடனே 24 என்ற எண்ணுடன் ஆங்கில எஸ் எழுத்தைச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஸ்கெட்ச்அப் வளைவுகளைச் சிறு நேர்கோடுகளாகவே வரைகிறது. வழக்கமாக வரும் 12 கோடுகளில், உண்மையான வளைவிலிருந்து 7 மி.மீ. வரை விலகும். 24 ஆக்கினால் அது 2 மி.மீ.க்குள் அடங்கும்.

4. வில்லைத் தேர்ந்தெடுத்து என்டிட்டி இன்ஃபோ பகுதியைப் பாருங்கள். ஆரம் 5 மீட்டர், நீளம் சுமார் 6.43 மீட்டர். குறித்துக்கொள்ளுங்கள்.

5. ஆஃப்செட் டூலால் இந்த வில்லுக்கு மேலே 50 மி.மீ., கீழே 50 மி.மீ. தள்ளி இரண்டு விற்கள் வரையுங்கள். இரு முனைகளையும் கோட்டால் மூடி, நடு வில்லை அழித்துவிடுங்கள். புஷ்/புல் டூலால் 50 மி.மீ. இழுங்கள். 100க்கு 50 அளவுள்ள பீம் எழுந்து நிற்கும்.

ஆரம் சரிதானா? 6ன் வர்க்கம் 36. அதை உயரத்தின் 8 மடங்கால் வகுத்தால் 4.5. பாதி உயரமான 0.5ஐக் கூட்டினால் 5. சரியாக இருக்கிறது.

இப்போது அந்த 6.43ஐக் கவனியுங்கள். கடைகளில் இரும்பு டியூப் பெரும்பாலும் 6 மீட்டர் நீளத்தில்தான் கிடைக்கும். தூண்களின் இடைவெளியை மட்டும் பார்த்து ஒரு டியூப் வாங்கினால் 43 செ.மீ. குறையும், உத்திரத்தில் ஒட்டுப் போட வேண்டி வரும். மேலும், ரோலிங் மெஷினில் வளைக்கும்போது முனைகள் சிறிது நேராகவே நின்றுவிடும். அதற்கு எவ்வளவு கூடுதல் நீளம் வேண்டும் என்று பட்டறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஓசூரில், வெல்டருக்கும் உங்களுக்கும் பொதுவான மொழி இந்தப் படம்தான். ஆரம், நீளம், உயரம் மூன்றையும் அதில் எழுதிக் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் புரோகிராம் வடிவத்தைக் காட்டும், வலிமையைச் சொல்லாது. வில் வடிவ பீம் சுமை ஏறும்போது தூண்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். நேரான பீமைத் தாங்கும் தூண் இதைத் தாங்காமல் போகலாம். பீமின் தடிமன், தூணின் அளவு, இரு முனைகளையும் இழுத்துப் பிடிக்கும் கம்பி தேவையா என்பவற்றைக் கட்டடப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் படத்தை அவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே இரும்பு வாங்குங்கள்.