சாரல் இல்லாத குற்றாலம்

ஜூன் பிறந்துவிட்டால் போதும், 'சீசன் ஆரம்பிச்சாச்சா?' என்று தென்காசிக்காரர்களுக்குப் போன் மேல் போன் வரும். டிசம்பரில் அப்படி யாரும் கேட்பதில்லை. தப்பித் தவறி யாராவது கேட்டாலும், "இப்ப என்னத்துக்கு வாரீக? சாரலும் இல்ல, காத்தும் இல்ல" என்று உள்ளூர்க்காரர்களே தடுத்துவிடுவார்கள். ஆரியங்காவு கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்றும், அது தூவும் சாரலும்தான் இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குளிப்பதற்கு ஆடி என்றால், பார்ப்பதற்கு மார்கழி. இது என் கட்சி.

கட்சிக்கு ஆள் பிடிக்க நல்ல வாய்ப்பு அமைந்தது. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் அண்ணன் குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தான். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் தலைகாட்டக் காலை எட்டே முக்கால் ஆகிவிடும். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டு. அந்த எட்டு மணி நேரத்துக்குள், 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய்களில், கண்ணாடிக் கூரை போட்ட படகில் உட்கார்ந்து ஊர் பார்க்க உலகமே வருகிறது. இருட்டையும் விட்டுவைப்பதில்லை. கால்வாய் ஓரமெல்லாம் விளக்குச் சிற்பங்கள் வைத்து 2012 முதல் குளிர்கால ஒளித் திருவிழா நடத்துகிறார்கள். "குளிர்ல மூக்கு விறைச்சுப் போவும், ஆனாலும் கூட்டம் அள்ளும்" என்றாள் மைனி. தென்காசியில் அதே நாளில் ஆறரைக்கு விடிந்து ஆறு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது. நமக்குத்தான் அதன் அருமை தெரிவதில்லை.

அவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போகிற தேதியைப் பார்த்துத்தான் குறித்தோம். கார்த்திகை, மார்கழியில் குற்றாலம் காலியாகக் கிடக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சபரிமலைக்குப் போகிற, திரும்புகிற வண்டிகளெல்லாம் இங்கே நிற்கும். கறுப்பும் நீலமுமாக வேட்டிகள், அருவியடியில் சரண கோஷம், நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா, பேரீச்சம்பழக் கடைகள் என்று அது தனி சீசன். மண்டல பூஜை முடிந்து சபரிமலையில் நடை சாத்தியதிலிருந்து, டிசம்பர் 30 மாலை மகரவிளக்குக்காக மறுபடி திறக்கிற வரைக்கும் கூட்டம் சற்று மூச்சு விடும். அந்த இடைவெளியில் ஒரு நாளைப் பிடித்தோம்.

காலையில் முதல் வேலை தென்காசி காசி விசுவநாதர் கோயில். கோபுர வாசலுக்கு வருகிற வரை காற்று முகத்தில் மோதும், தாண்டியதும் முதுகைத் தள்ளும் என்று இந்த ஊரில் பிறந்த எவரும் சொல்வார்கள். மார்கழியில் அது கொஞ்சம் சாதுதான். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டத் தொடங்கிய கோயில் இது. கோபுரத்தை முடிக்கும் முன்பே அவன் காலம் முடிந்தது. தம்பி குலசேகர பாண்டியன் முடித்து வைத்தான். பிற்காலத்தில் கோபுரம் சிதைந்து, நூறாண்டுக்கும் மேலாக மொட்டையாகவே நின்றது. சுமார் 180 அடி உயரத்துக்கு இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் குடமுழுக்குக் கண்டது. இந்தக் கோயிலைப் பின்னாளில் பழுது பார்த்துக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான் பராக்கிரம பாண்டியன். ராஜா எதற்குக் காலில் விழ வேண்டும் என்று அண்ணன் மகனுக்குச் சந்தேகம். "கட்டுறது பெருசில்லல, வச்சுப் பாக்கிறதுதான் பெருசு" என்றாள் அம்மா. வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றச் சொல்லி எங்கள் இருவரையும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள். உள்ளே வீரபத்திரர், ரதி, மன்மதன் என்று ஆளுயரத்தை மிஞ்சிய தூண் சிற்பங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்து நிறுத்த வேண்டிய இடம் அது.

அங்கிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் மேலகரம். காரில் போகிறவர்கள் கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடுவார்கள், நாங்களும் அப்படித்தான்.

பேரருவியில் தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. சீசனில் இந்த இடத்தில் நமக்குத் தெரிவது வெள்ளை நிறமும் மனிதத் தலைகளும்தான். தண்ணீர் மெலிந்தால் பாறை வெளியே வருகிறது. பாறை முழுக்கச் சிறிதும் பெரிதுமாகச் செதுக்கிய சிவலிங்கங்கள்! சில தேய்ந்து வெறும் புடைப்பாகிவிட்டன. சில நேற்றுச் செதுக்கியதுபோல் விளிம்பு மாறாமல் இருக்கின்றன. சிலவற்றின் தலையில் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணத் தொடங்கிய அண்ணன் மகள் பாதியில் குழம்பி விட்டுவிட்டாள். காலம் காலமாக இங்கே வந்து குளித்தவர்களில் எத்தனை பேர் இவற்றைப் பார்த்திருப்பார்கள்?

இன்னொன்றும் அப்போதுதான் தெரியும். அருவி மலை உச்சியிலிருந்து ஒரே வீச்சில் நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, வேகம் அடங்கி, அங்கிருந்து பொங்கி வழிகிறது. அந்தக் குழி இல்லையென்றால் இந்த அருவியின் கீழ் எவரும் நிற்க முடியாது.

ஆனால் மார்கழி எப்போதும் இப்படிப் பணிவாக இருக்காது. தென்மேற்குப் பருவம் சாரலாகத் தூவும் என்றால், வடகிழக்குப் பருவம் கொட்டித் தீர்க்கும். மலைமேல் பெய்தது இங்கே வந்து சேர அதிக நேரம் ஆகாது. பேரருவியின் முன்னால் நிற்கும் ஆர்ச்தான் உள்ளூரின் அளவுகோல். தண்ணீர் 'ஆர்ச்சத் தாண்டி' விழுந்தால் போலீஸ் கயிறு கட்டிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. அதே ஆண்டு டிசம்பர் மழையில் பேரருவியிலும் வெள்ளம் சீறியது. கயிற்றைத் தாண்டிப் போய் செல்ஃபி எடுக்கிறவர்களிடம் எனக்கு இரக்கமே கிடையாது.

அம்மா குளிக்கவில்லை, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டாள். பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே குளித்தார்கள். சோப்புக்கும் ஷாம்பூவுக்கும் எண்ணெய்க்கும் அருவியில் தடை என்பதை மைனி முன்கூட்டியே சொல்லி, பையைக் காரிலேயே வைக்கச் செய்திருந்தாள். காரில் வைத்தது குரங்குகளின் கண்ணில் படாமல் இருந்ததும் நல்லதாகப் போயிற்று.

அருவியை ஒட்டியே குற்றாலநாதர் கோயில். சங்கு வடிவில் அமைந்தது என்பார்கள். தலவிருட்சம் குறும்பலா, சம்பந்தர் கோயிலுக்கு ஒரு பதிகம், இந்தப் பலாவுக்கு ஒரு பதிகம் என்று தனித்தனியே பாடியிருக்கிறார். அருவிக் குளிர்ச்சியிலேயே எந்நேரமும் இருக்கிற சுவாமி அல்லவா, அவருக்குச் சுக்கு, மிளகெல்லாம் போட்ட கஷாயம் நிவேதனம் ஆகிறது. ஜலதோஷம் பிடித்த பிள்ளைக்கு ஆச்சி செய்கிற வைத்தியம் ஆண்டவனுக்கும்!

நாள் முழுவதிலும் நாங்கள் அதிக நேரம் இருந்தது சித்திரசபையில். நடராஜரின் ஐந்து சபைகளில் திருவாலங்காட்டில் ரத்தினம், சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம். குற்றாலத்தில் வண்ணம். கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தின் கரையில் தனியாக நிற்கிறது. இங்கே ஆடுகிறவரே சுவரில் எழுதிய சித்திரமாகத்தான் இருக்கிறார். சுற்றிலும் மூலிகைச் சாயத்தில் தீட்டிய தெய்வங்களும் புராணக் காட்சிகளும். காவியும் பச்சையும் மங்கியிருக்கின்றன. சில இடங்களில் பூச்சு உதிர்ந்து முகம் மட்டும் மிச்சம். பிள்ளைகள் ஆம்ஸ்டர்டாமின் ஓவியக்கூடத்தில் ரெம்பிராண்ட் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே ஓவியத்துக்கு முன்னால் தடுப்பு, காவல், டிக்கெட். இங்கே எங்களைத் தவிர மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பதி மட்டும். மார்கழித் திருவாதிரைத் திருவிழாவில் இங்கே நடக்கும் தாண்டவ தீபாராதனையின்போது நிற்க இடம் இருக்காது. மற்ற நாளில் இப்படித்தான். அருவிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எட்டிப் பார்த்தாலே இந்தச் சுவர்களுக்கு இன்னும் கவனிப்புக் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

ஐந்தருவிக்கும் போனோம். சின்னவனுக்குப் படகுதான் வேண்டும். "ஆம்ஸ்டர்டாம்ல தினமும் போற படகுதானல?" என்றதற்கு, "அது பஸ் மாதிரி சித்தப்பா, இதுலதான் நாமளே மிதிக்கலாம்" என்றான். பக்கத்து வெண்ணமடைக் குளத்துப் படகுகள் சீசன் காலத்துச் சமாச்சாரம், அன்றைக்கு ஓடவில்லை. முகம் தொங்கிப் போயிற்று.

மாலையில் பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயில். அறுநூற்றுச் சொச்சம் படியில் பிள்ளைகள் ஏற, நாங்கள் அம்மாவோடு காரில் மேலே போனோம். கார் அறுப்பு முடிந்து நட்ட பிசான நெல் அப்போது பச்சையாக நிற்கும் காலம். மலை மேலிருந்து பார்த்தால் வயலும் தென்னையும் குளமுமாகக் கிழக்கே விரிகிறது. சீசனில் இதே இடத்தில் பாதி நேரம் மேகம்தான் தெரியும்.

இருட்டியதும் பிரானூர் பார்டர். 1956 நவம்பர் வரை பக்கத்துச் செங்கோட்டை திருவிதாங்கூர் - கொச்சியோடு இருந்தது. எல்லை மேற்கே நகர்ந்துவிட்டாலும் கடைகளுக்குப் 'பார்டர்' என்ற பெயர் போகவில்லை. மர அறுவை மில்களுக்கு நடுவே கல்லில் சின்னச் சின்னப் பரோட்டா, வாழை இலையில் நாட்டுக்கோழி, காடை. அம்மாவுக்கு மார்கழியில் கவுச்சி ஆகாது. அவளுக்குச் சைவக் கடையில் இட்லி வாங்கப் போன அண்ணன், அங்கேயே இரண்டு பூரி சாப்பிட்டுவிட்டு வந்து எங்களோடு பரோட்டாவுக்கும் உட்கார்ந்தான். அடுத்த லீவுக்கு ஆடியில் வரலாமா என்று மைனி கேட்டாள். கூட்டத்தைப் பற்றி எச்சரித்து வைத்திருக்கிறேன்; டிக்கெட் போட்டுவிட்டதாகத் தகவல்.