விருந்தளித்த வீடும் விடைபெறும் வேளையும்

பிறர் வீட்டில் தங்கி, அவர்தம் சோற்றை உண்டு, அவர்தம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் வாழ்வு மார்க்க ஆசிரியர்களுக்குப் புதியதன்று. கடல் கடந்து சென்று அவ்வாறு வாழ்வோர்க்கு ஒருநாள் இக்கேள்வி எழுந்தே தீரும்: இந்த வீட்டிலேயே இருப்பதா, வேறு வீட்டுக்கு மாறுவதா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். விடை காண்பதோ எளிதன்று.

இஸ்லாத்தின் முதல் வெளியூர் ஆசிரியரே இந்நிலையைக் கண்டவர். முதல் அகபா உடன்படிக்கைக்குப் பின், கி.பி. 621இல், யத்ரிப் மக்களுக்குக் குர்ஆனைக் கற்பிக்க முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அனுப்பி வைத்தார்கள். மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்து, ஈமானுக்காகத் தாயின் அரவணைப்பையே இழந்தவர் அவர். அவருக்குத் தம் இல்லத்தில் இடமளித்தவர் பனூ நஜ்ஜார் குலத்தைச் சேர்ந்த அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி). ஈட்டியோடு விரட்ட வந்த உஸைத் இப்னு ஹுளைர், அமர்ந்து செவிமடுத்து ஈமான் கொண்டதையும், தொடர்ந்து ஸஅத் இப்னு முஆத் இஸ்லாத்தில் இணைந்ததையும் நம் பிள்ளைகள்கூட அறிவர்.

நாம் அதிகம் பேசாத செய்தி ஒன்று ஸீரா அறிவிப்புகளில் உண்டு. பனூ நஜ்ஜார் குலத்தார் அஸ்அத் (ரலி) அவர்களுக்கு நெருக்கடி தரவே, முஸ்அப் (ரலி) அங்கிருந்து வெளியேறி, ஸஅத் (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார்கள் என்பதே அது. முதல் வீட்டார்மீது அவர்களுக்குக் குறை இருந்ததாக நான் எங்கும் வாசித்ததில்லை. மறு ஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில் யத்ரிபிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் அகபாவில் பைஅத் செய்தனர்.

விருந்து மூன்று நாள் என்றும், அதற்கு மேற்பட்டது தர்மம் என்றும், வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்கு விருந்தாளி தங்கலாகாது என்றும் ஹதீஸ்கள் கூறுகின்றன. ஆசிரியர் விருந்தாளி அல்லர், அவருடைய தங்கலும் உணவும் ஜமாஅத்தாரின் ஏற்பாடு என்பர் சிலர். உண்மைதான். ஆயினும் அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதானே இருக்கிறது!

வீட்டாரின் சங்கடமோ வாய் திறந்து பேசாது. மதீனாவில் அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில், தம்மைக் காண வருவோரின் வசதி கருதி, நபி (ஸல்) அவர்கள் கீழ்த்தளத்தில் தங்கினார்கள். ஒருநாள் மாடியில் தண்ணீர்ப் பாத்திரம் உடைந்துவிட்டது. நீர் கீழே சொட்டி நாயகத்திற்குத் துன்பம் தருமோ என அஞ்சி, அபூ அய்யூபும் துணைவியாரும் தங்களிடமிருந்த ஒரே போர்வையால் அதைத் துடைத்தெடுத்தார்கள். பின்னர் அவர்கள் வேண்டிக்கொண்டபடி நாயகம் (ஸல்) அவர்களே மேல்தளத்துக்கு மாறினார்கள்.

இளமையில் நான் சில காலம் மலேசியாவின் பினாங்கில் நம்மவர் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்கொலி எட்டும் தெரு. கீழே கடை, மேலே வீடு. இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து சென்று குடியேறிய பெரியவர் ஒருவர் முன்னறையை எனக்கு ஒதுக்கினார். அவருடைய மனைவியார் மீன் ஆணத்தில் எனக்காகப் புளியைக் குறைத்தார்.

ஓராண்டில் மூத்த மகனுக்கு நிக்காஹ் நடந்தது; மருமகள் வந்தார். ஒரு நாள் ஸுப்ஹுக்கு முன் ஒளூச் செய்துவிட்டுக் குளியலறைக் கதவைத் திறந்தேன். விரைந்து விலகும் காலடி ஓசை. வாசலில் தண்ணீர் வாளி மட்டும் நின்றது. புகுந்த வீட்டில் முக்காட்டைத் தளர்த்தவும் இயலாமல், நான் பள்ளிவாசலுக்குப் புறப்படும்வரை அப்பெண் சமையலறையில் காத்து நிற்கிறார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு தெரு தள்ளி ஒரு துணி வணிகர் முன்பே என்னை அழைத்திருந்தார். அவர் வீட்டு மாடிக்குத் தனிப் படிக்கட்டு உண்டு. ஆனால் அவருக்கும் பெரியவருக்கும் ஏதோ பழைய மனத்தாங்கல். நான் அங்கே போனால் ஊர் என்ன பேசும்? ஒரு மாதம் தள்ளிப் போட்டேன். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், அத்தாமதத்தில் மீன் ஆணத்துக்கும் பங்குண்டு.

ஓர் இரவு, இஷாவுக்குப் பின், பெரியவரிடம் சொன்னேன்.

"என் வீட்டுச் சோறு சலித்துவிட்டதா, ஹஜ்ரத்?"

மருமகளைக் காரணம் காட்ட நாக்கு எழவில்லை. முஸ்அப் (ரலி) வீடு மாறிய வரலாற்றைக் கூறினேன். அவர் பேசவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மையார்தாம் பேசினார்: "ஹஜ்ரத் போய் இருக்கட்டும். புள்ளைக்கும் வீடு வீடா இருக்கணும்ல. ஜும்ஆ அன்னிக்குச் சாப்பாடு மட்டும் இங்கதான்."

எந்த வீடு என்று பெரியவர் கேட்டார். சொன்னதும் முகம் வாடிற்று. இரண்டு நாள் என்னோடு உரையாடவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் தகரப் பெட்டியைத் தாமே தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். துணி வணிகர் இறங்கி வந்தார். இருவரும் ஸலாம் சொல்லிக்கொண்டனர்; அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பெரியவர் அந்தத் தனிப் படிக்கட்டை மேலும் கீழுமாகப் பார்த்தார். பெட்டியை மாடியில் வைத்தார். கடை திறக்க நேரமாயிற்று என்று போய்விட்டார்.

அவ்வூரை விட்டுப் புறப்படும்வரை வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டில்தான் உண்டேன். ஆணத்தில் புளி குறைவாகவே இருந்தது.