சரக்கு வண்டிக்குக் கிளட்ச் மாற்றும் முன்...



செங்குன்றத்தில் அரிசிச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு, தச்சூர் கூட்டுச் சாலை, பொன்னேரி வழியாகத் திருப்பாலைவனத்துக்கும் பழவேற்காட்டுக்கும் வரும் நம் வணிகர்களுக்கு ஒரு வாடை நன்றாகத் தெரியும். எஞ்சின் இரையும், வண்டி நகராது, கருகிய வாடை மூக்கைத் துளைக்கும். பட்டறைக்குக் கொண்டு போனால் பதில் தயாராக இருக்கும்: "கிளட்ச் போயிடுச்சு அண்ணாச்சி. இந்த முறை ஹெவி டியூட்டி போட்டுடலாம், கவலையே இல்லை."

கவலை இல்லையா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. வண்டி ஒரு நாள் நின்றால் மளிகைக் கடைக்காரருக்கு வாடகை வண்டிச் செலவு. இறாலும் நண்டும் ஏற்றுபவருக்கோ ஐஸ் உருக உருக விலையும் உருகிவிடும். ஆகவே கிளட்ச் செலவை மெக்கானிக்கிடம் மட்டும் விட்டுவிடாமல், முதலாளியும் விவரம் தெரிந்து முடிவெடுப்பது நல்லது.

கிளட்ச் செய்யும் வேலை

எஞ்சினோடு சுழல்வது ஃபிளைவீல். அதன் மீது பிரஷர் பிளேட் திருகப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே கியர் பாக்ஸோடு இணைந்த கிளட்ச் பிளேட் இருக்கும். பெடலை மிதித்தால் பிடி விடும். காலை எடுத்தால் பிடி இறுகும். இறுகும் அந்தச் சில நொடிகளில் பிளேட் வழுக்கிக்கொண்டே பிடிக்கிறது. தேய்மானமும் சூடும் பெரும்பாலும் அப்போதுதான் உண்டாகின்றன.

சமதளத்தில் வண்டியைக் கிளப்பும்போது உண்டாகும் சூடு, வண்டியின் மொத்த எடை கூடக் கூட அதே விகிதத்தில் கூடும். பிடி இறுகி முடியும்போது வண்டி எட்டும் வேகம் கூடினாலோ, அந்த வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். வேகம் ஒன்றரை மடங்கானால் சூடு இரண்டேகால் மடங்கு. நின்ற வண்டியை முதல் கியரில் எடுக்காமல் இரண்டாவது கியரில் எடுக்கும் ஓட்டுநர் உங்கள் பணத்தைத்தான் கருக்குகிறார்.

எடைக் கணக்கு

"குட்டி யானை" என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் 2005இல் வந்தது. அந்த முதல் மாடல் ஏற்ற வேண்டிய சரக்கு 750 கிலோ; வண்டியோடு சேர்த்து மொத்த எடை 1,550 கிலோ. 25 கிலோ சிப்பமாகக் கணக்கிட்டால் 30 சிப்பம். நாம் ஏற்றுவது 50 சிப்பம் என்றால் சரக்கு மட்டும் 1,250 கிலோ. மொத்தம் 2,050 கிலோ. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் கிளட்ச்சில் உண்டாகும் சூடு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. மேடும் மணலும் வந்தால் இன்னும் மோசம். உங்கள் வண்டியின் அளவை ஆர்.சி. புத்தகத்தில் பாருங்கள். மொத்த எடையில் வெறும் வண்டி எடையைக் கழித்தால், ஆளும் சரக்கும் சேர்த்து ஏற்றக்கூடிய எடை கிடைக்கும்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

பழைய பிளேட்டை எறிந்துவிடச் சொல்லாதீர்கள். கையில் வாங்கிப் பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லும்.

1. லைனிங் சீராகத் தேய்ந்து ரிவெட் வரை வந்திருந்தால், அது ஆயுள் முடிந்த பிளேட். குற்றம் ஒன்றுமில்லை.

2. தேய்மானம் குறைவாக இருந்தும் கருகி, ஃபிளைவீலில் நீலத் திட்டுகள் இருந்தால் அதிகச் சுமை, ஓட்டும் முறை, பெடலில் ஃப்ரீ பிளே இல்லாமை ஆகியவற்றில் ஒன்று காரணம். பெடல் மீதே காலை வைத்துக்கொண்டு ஓட்டுவதும் இதில் சேரும்.

3. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எஞ்சின் பின்புற ஆயில் சீலோ கியர் பாக்ஸ் சீலோ கசிகிறது. சீலை மாற்றாமல் எந்தப் பிளேட் போட்டாலும் அது வீண்.

4. துரு இருந்தால் அது நம் பகுதிக்கே உரிய தொல்லை. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீரும், வண்டியின் அடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் கிளட்ச் அறைக்குள் ஈரத்தைக் கொண்டுபோகும். அப்படியே இரண்டு நாள் நிறுத்தினால் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் கியர் விழாது. கழுவிய பின் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம்.

ஹெவி டியூட்டி என்றால் என்ன?

கிளட்ச்சின் பிடிமானத்தைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் அழுத்தத்தைக் கூட்டுவது. பிடி கூடும். ஆனால் பெடலும் கனக்கும். ஒரு நாளில் பல கடைகளில் நிறுத்திச் சரக்கு இறக்கும் ஓட்டுநரின் இடது கால் இதற்குச் சாட்சி சொல்லும். ரிலீஸ் பேரிங்கும் கேபிளும் சீக்கிரம் தேயும்.

இரண்டாவது, லைனிங்கை மாற்றுவது. வழக்கமான ஆர்கானிக் லைனிங் மெதுவாக, மென்மையாகப் பிடிக்கும். அளவு மீறிச் சூடானால் பிடி தளரும். செராமிக் பட்டன் வகை அதிகச் சூட்டைத் தாங்கும். ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். நெரிசலில் வண்டி உதறும். ஃபிளைவீலையும் அதிகம் தேய்க்கும்.

மூன்றாவது, பெரிய விட்டமுள்ள செட். 200 மி.மீ. பிளேட்டுக்குப் பதில் அதே வடிவில் 220 மி.மீ. போட்டால், அதே அழுத்தத்தில் பிடிமானம் சுமார் 10 சதவீதம் கூடும். சூட்டைப் பரப்ப இடமும் கூடும். மூன்றில் இதுவே நல்ல வழி. ஆனால் ஃபிளைவீலும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கு வண்டிக் கம்பெனியே அப்படி ஒரு செட் கொடுத்திருந்தால் மட்டும் போடுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கடையில் அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று தடிமனான கம்பியைச் சுற்றினால் என்ன ஆகும்? ஃபியூஸ் நிற்கும், ஒயரிங் எரியும். அளவு மீறிய சுமைக்குப் பலமான கிளட்ச் போட்டால், வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்காமல் அந்த முரட்டு அடி கியர் பாக்ஸுக்கும், புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டுக்கும், பின் அச்சுக்கும் போகும். அவற்றின் செலவு கிளட்ச் செலவைப் போலச் சிறியதல்ல.

யாருக்கு எது?

அளவான சுமையோடு தார்ச் சாலையில் ஓடும் மளிகை வண்டிக்கு, கம்பெனி செட்டோ அதற்கு இணையான தரமுள்ள செட்டோ போதும். கடற்கரை மணலிலும் வலையிறக்கும் இடங்களிலும் அன்றாடம் ஏறி இறங்கும் வண்டிக்கு, ஆர்கானிக் லைனிங் உள்ள சற்றுக் கூடுதல் பிடிமான செட் பயன்படும். செராமிக் பட்டன் வகை நம் தொழிலுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. எப்போதும் சுமை மீறுகிறது என்றால் மாற்ற வேண்டியது கிளட்ச் அல்ல. இரண்டு நடையாக அடிக்க வேண்டும், அல்லது பெரிய வண்டி வாங்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவின்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு நடை மிச்சம் பிடித்த லாபம் இதில் எங்கே நிற்கும்?

வாங்கும்போதும் மாட்டும்போதும்

- சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். ஒரே பெயருள்ள வண்டியிலும் மாடலுக்கு மாடல் விட்டமும் ஸ்பிளைன் பல் எண்ணிக்கையும் மாறக்கூடும்.

- பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். கியர் பாக்ஸை இறக்கும் கூலி எப்படியும் ஒன்றுதான்.

- ரீலைனிங் செய்த பழைய பிளேட் விலை குறைவு. ஆனால் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் பழையவை. டீசல் எஞ்சினுக்கு அது நம்பகமானதல்ல.

- ஃபிளைவீலில் வரி, நீலத் திட்டு, வெடிப்பு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். இலேசானதை லேத்தில் சீவலாம். வெடித்ததை மாற்றத்தான் வேண்டும்.

- புதுப் பிளேட் பதியும் வரை முதல் சில நாட்கள் பாதிச் சுமையோடு ஓட்டுங்கள்.

பில் கேளுங்கள்

நம்மிடம் பில் கேட்காத வாடிக்கையாளரைப் போல நாமும் இருந்துவிடக் கூடாது. பில் இல்லையேல் வாரண்டி இல்லை. டூப்ளிகேட் என்று தெரிந்தாலும் திருப்பிக் கொடுக்க வழியில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. சரக்கு ஏற்றும் வண்டியின் உதிரி பாகத்துக்குச் செலுத்திய வரியை, வரி செலுத்திச் சரக்கு விற்கும் வணிகர் இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம்; கடையின் ஜி.எஸ்.டி. எண் பில்லில் இருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. வண்டியில் ஏற்றினாலும் அளந்து ஏற்றுவோம். அப்புறம் சாதாரண கிளட்ச்சே நெடுநாள் உழைக்கும்.