எண் தெரிந்தால் டிரைவர் தெரியும்

புதிய மதர்போர்டில் கொஞ்சம் பழைய லினக்ஸை நிறுவினால் சில சமயம் இப்படி ஆகும்: திரை, ஒலி, விசைப்பலகை எல்லாம் சரி, நெட்வொர்க் அமைப்பில் ஈத்தர்நெட் என்ற வரியே இருக்காது. போர்டிலேயே பதித்த நெட்வொர்க் சிப் பழுது என்று முடிவுகட்டத் தோன்றும். பெரும்பாலும் பழுது அல்ல.

பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இணையும் ஒவ்வொரு சிப்பும் இரண்டு எண்களைச் சொல்லும்: தயாரிப்பாளர் எண், சாதன எண். ஒவ்வொன்றும் 16 பிட். இன்டெலின் எண் 8086. 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட பிராசஸரின் பெயரும் அதுதான். கணினி தொடங்கும்போது லினக்ஸின் மையமான கெர்னல் இந்த இரண்டு எண்களையும் படிக்கிறது. டிரைவர் ஒவ்வொன்றிலும் தான் இயக்கவல்ல சிப்களின் எண் பட்டியல் உண்டு. எண் பொருந்தினால் டிரைவர் ஏறும். இல்லையென்றால், சார்ட்டில் பெயர் ஏறாத ரயில் பயணியின் நிலைதான் சிப்புக்கு.

ரியல்டெக்கின் 2.5 ஜிகாபிட் சிப்பான ஆர்டிஎல் 8125-க்கு நேர்ந்தது இதுவே. அந்நிறுவனத்தின் 1 ஜிகாபிட் சிப்களை நெடுங்காலமாக இயக்கிவந்த 'ஆர்8169' டிரைவரில், 8125-க்கு இடம் கிடைத்தது 2019 நவம்பரில் வந்த 5.4 கெர்னலில். அதே ஆண்டு ஜூலையில் வெளியான டெபியன் 10 லினக்ஸில் இருந்தது 4.19 கெர்னல். அதற்கு இந்தச் சிப் அந்நியம்.

கண்டறிய, டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை '-என்என்கே' என்ற குறியோடு ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். சிப்பின் பெயர், எண்கள், அதை இயக்கும் டிரைவர் மூன்றும் தெரியும். பட்டியலில் சிப்பே இல்லையா? பயாஸில் அணைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிப் இருந்து டிரைவர் வரி இல்லையா? புதிய கெர்னல் தேவை. டிரைவரும் இருக்கிறதா? ஃபர்ம்வேர் கோப்பு ஏற்றப்பட்டதா என்பதைக் கெர்னல் பதிவுகளைக் காட்டும் 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளை சொல்லும். வைஃபை சிப்களில் ஃபர்ம்வேர் இல்லாத குறை அதிகம். அதனால்தான் 2023-இல் வந்த டெபியன் 12 தன் நிறுவல் வட்டிலேயே ஃபர்ம்வேரைச் சேர்த்தது.

இணையமில்லாமல் கெர்னலை எப்படி இறக்குவது? கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை இயக்கினால் போதும். அதற்கான டிரைவர் பெரும்பாலான லினக்ஸ்களில் முன்பே உண்டு. தயாரிப்பாளர் தரும் டிரைவரைத் தனியாக நிறுவுவது கடைசி வழி. செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமிடாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது.

பிறரிடம் உதவி கேட்கும்போது மதர்போர்டின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே மாடலின் வேறு வேறு திருத்தங்களில் வேறு சிப்கள் இருக்கலாம். அந்த இரண்டு எண்களையும் கெர்னல் பதிப்பையும் சொன்னால் பாதி வேலை முடிந்தது.