கைகள் முளைத்த மரங்கள்

ராணியும் ராஜகுமாரியும் குள்ளர்களும் காட்டுப் பறவைகளும் வருகிற சித்திரப் படம் என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், அது குழந்தைகளுக்கென்றே பிறந்த படம் என்று நிச்சயித்துவிட்டு, நாலு வயதுக் குழந்தையைத் திரைக்கு முன் உட்கார வைத்து அவரவர் காரியத்தைப் பார்க்கப் போய்விடுவது நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகிவிட்டது. வால்ட் டிஸ்னி 1937 டிசம்பரில் வெளியிட்ட ‘ஸ்னோ ஒயிட்’டை என் பேத்திக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே பத்திரிகையில் ஆழ்ந்திருந்தவன் நான்தான். விஷ ஆப்பிளுக்கு அவள் அஞ்சவில்லை. கொல்ல வந்த வேடன் மனம் இரங்கி விட்டுவிட, அந்தப் பெண் இருண்ட காட்டுக்குள் ஓடும்போது மரக்கிளைகள் கைகளாக நீண்டு அவள் ஆடையைப் பற்றி இழுக்கின்றனவே, அந்த இடத்தில்தான் குழந்தை அழாமலும் கண்ணை மூடாமலும் என் வேட்டி நுனியை முறுக்கிப் பிடித்தபடி சமைந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற முருங்கைக் கிளையின் நிழல் சுவரில் அசைந்ததனால், பத்து நாள் அவள் இரவில் விளக்கை அணைக்க விடவில்லை.

இது குழந்தைகளுக்கான படம்தானா என்ற சந்தேகம் படத்தின் வயதையே உடையது. 1938இல் பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் இதற்கு ‘ஏ’ சான்று அளித்து, பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க வேண்டும் என்றது. உள்ளூர் நிர்வாகங்கள் பல அதை ஏற்காமல் குழந்தைகளைத் தாராளமாக அனுமதித்தன.

கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட கதையில் கொடுமை செய்பவள் பெற்ற தாயே. பிந்திய பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பாதரட்சைகளை அணிந்து ஆடியே அவள் சாகிறாள். டிஸ்னி அதை விலக்கி, ராணி பாறையிலிருந்து விழுவதையும் கழுகுகள் வட்டமிட்டு இறங்குவதையும் மட்டும் காட்டினார். கழுகுகளின் அர்த்தம் பெரியவர்களுக்கே விளங்கும். சின்னஞ்சிறு குழந்தைக்கோ, அழகிய ராணி மருந்தைக் குடித்துக் கண்ணெதிரே விகாரக் கிழவியாக மாறுவதுதான் மகா பயங்கரம். ஆகவே கதையில் மரணம் உண்டா என்று விசாரிப்பதைவிட, உருவமும் இருளும் ஓசையும் எப்படி வருகின்றன, பயத்துக்குப் பின் ஆறுதல் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். காட்டில் மின்னிய கண்கள் முயலுக்கும் மானுக்கும் சொந்தமானவை என்பது அதே காட்சியின் முடிவிலேயே தெரிந்துவிடுகிறது. 1942இல் வந்த ‘பாம்பி’யிலோ, சுடப்பட்ட தாய்மான் திரும்பி வருவதே இல்லை. சமீபத்தில் வீட்டில் ஒரு சாவைக் கண்ட குழந்தைக்கு அது தாங்குமா என்பதை எந்த வாரியமும் அறியாது, பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

சட்டம் செய்யக்கூடிய உதவி ஓரளவே. 1952ஆம் ஆண்டு சினிமாச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தத்தின்படி, ‘யு’வுக்கும் ‘ஏ’வுக்கும் இடையிலுள்ள ‘யுஏ’ சான்று 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அந்த எண் தடையன்று, பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஓ.டி.டி. தளங்கள் தாங்கள் காட்டும் படங்களை வயதுவாரியாகப் பிரித்து அதைத் தெரியும்படி அறிவிக்க வேண்டும் என்கின்றன. ஆனால் பெற்றோர் பூட்டு வசதி 13+ வகைக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்குமே கட்டாயம். தேவதைக் கதைகள் பெரும்பாலும் ‘யு’விலோ 7+இலோ அடங்கிவிடுவதால், பூட்டை நம்பி இருந்துவிடலாகாது. வகைப்பாடு தவறு என்று தோன்றினால், படத்தின் பெயரையும் காட்சி வரும் நிமிஷத்தையும் குறித்துத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 24 மணி நேரத்துக்குள் அவர் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையேல் அடுத்த 15 நாளுக்குள் அத்தளம் சார்ந்த சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம்.

குழந்தை பயந்துவிட்டால் கேலி செய்யாதீர்கள். “வெறும் பொம்மைதானே” என்று தர்க்கம் செய்வதும் பலிக்காது. படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, மடியில் அமர்த்திக்கொண்டால் போதும். இரண்டு வருஷம் கழித்து ஒரு பகல் வேளையில், அந்தக் காட்டுக் காட்சியை என் பேத்தியே மறுபடி போடச் சொன்னாள். கிளைகள் நீண்டபோது என் விரலைப் பிடித்துக்கொண்டவள், திரையில் பொழுது விடிந்ததும் அதை விட்டுவிட்டு, “தாத்தா, முயல்!” என்றாள்.